வண்டியிலயா இருக்க?

நாம் எல்லோரும் கேட்டிருக்கும் கேள்விதான். போனில் காத்து அடிக்கிற சத்தம் வருகிறது. பின்னால் லாரி ஹாரன். எதிர்முனைக் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. "வண்டியிலயா இருக்க?" என்கிறோம். "ஆமா, பரவால்ல, சொல்லு" என்கிறார்கள். நாமும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பால் வாங்கி வரச் சொல்வதில் ஆரம்பித்து, சீட்டுப் பணம் கட்டியாச்சா என்று விசாரித்து, பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்முறை செய்வது என்பது வரை பேசிவிட்டு வைக்கிறோம். அந்த ஏழு நிமிடமும் அவர் சாலையில் இருந்தார். அதில் நமக்கும் பங்கு இருந்ததா என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. நாமும் கேட்டுக்கொண்டதில்லை.

வாலாஜாபாத்தில் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்றால், இந்தப் பேச்சின் ஒரு பாதி மட்டும் வரிசையாகக் காதில் விழும். மறுபாதி எங்கோ ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கிறது.

பாலாற்றின் வடகரையில், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைச் சுமக்கும் ஊர் இது. பேரூராட்சிதான். ஆனால் சாலைகள் பெரிய ஊருக்கானவை. ஒரு பக்கம் காஞ்சிபுரம், ஒரு பக்கம் செங்கல்பட்டு, இன்னொரு பக்கம் ஓரகடம், படப்பை வழியாக வண்டலூர். ஆற்றைத் தாண்டினால் அவளூர். கார், லாரி, புல்லட் என்று ஓரகடம் வட்டாரத்தில் உருவாகாத வண்டி கிடையாது. அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ்கள், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள், ஷேர் ஆட்டோக்கள், காஞ்சிபுரத்துக்குப் பட்டெடுக்கப் போகும் கார்கள் எல்லாம் இந்தச் சின்ன ஊர் வழியாகப் போகின்றன.

நான் நின்ற அன்று ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்தது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு சிமென்ட் சாக்கு. ஓட்டியவர் போனை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். கழுத்து பிடித்துக்கொண்டவர் மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கமே வண்டியும் மெல்ல ஒதுங்கியது. பின்னால் வந்த டிப்பர் ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. இரண்டாவது முறை அடித்தபோதும், யாருக்கோ அடிக்கிறான் என்பது போலத்தான் முகம் இருந்தது. "ஆங்... ஆங்... சரிங்கண்ணா... வந்துடறேங்கண்ணா." டிப்பர் டிரைவர் சலித்துப்போய் வலப்பக்கம் ஏறித் தாண்டினார். அவர் கையிலும் ஒரு போன் இருந்தது.

காதுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொள்வது இப்போது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. துப்பட்டாவைக் காதோடு இறுக்கிக் கட்டி உள்ளே போனைச் சொருகுகிற ஸ்கூட்டி முறையும் உண்டு. இதற்காகவே ஹெல்மெட் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எப்படியோ தலையில் ஹெல்மெட் ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

தறியில் ஒரு நியாயம், ரோட்டில் ஒரு நியாயம்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவாளர் ஊர்கள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவருக்குக் காலும் கையும் கண்ணும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். காஞ்சிபுரப் பட்டின் பெருமையான கோர்வைச் சேலை என்றால் இன்னும் கஷ்டம். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிற ஊடை, மூன்று நாடா, பக்கத்தில் ஒரு துணையாள். இரண்டு பேரின் கவனமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கோர்வை சேரும்.

தறிமேட்டிலும் போன் இருக்கிறது. பாட்டு ஓடுகிறது, பழைய படத்தின் வசனம் ஓடுகிறது. ஆனால் அழைப்பு வந்தால் தறி நிற்கிறது. நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, போனை எடுத்து, பேசி முடித்து, பிறகுதான் மறுபடி மிதியில் கால். பேசிக்கொண்டே நெய்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இழை தப்பும், சேலையில் பிசிறு விழும், கூலியில் பிடிப்பார்கள்.

போனுக்காகத் தறியை நிறுத்துகிற அதே கை, சாயங்காலம் வண்டியை நிறுத்தாமலே போனை எடுத்துவிடுகிறது. பட்டு இழைக்குக் கொடுக்கும் மரியாதையைத் தன் எலும்புக்குக் கொடுப்பதில்லை. நெசவாளரை மட்டும் சொல்லவில்லை. அக்கவுண்டன்ட், ஆசிரியர், வார இதழ் எழுத்தாளர் எல்லோரும் இப்படித்தான்.

இதில் என் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், வாலாஜாபாத்தை அடுத்த பழையசீவரம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். காதில் இயர்போன், இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கண் ரோட்டில். போனைக் கையில் பிடித்ததாக யாரும் குறை சொல்ல முடியாது. நண்பர் ஒருவர், வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனரைப் பற்றிப் பொருமிக்கொண்டிருந்தார். நானும் அந்த ஓனரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று முன் சக்கரத்துக்கு நேராக ஒரு ஆட்டுக்குட்டி. பிரேக் பிடித்ததில் வண்டி சறுக்கி, சாலையோர மண்ணில் போய் நின்றது. ஆட்டுக்குட்டி தப்பித்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பிறகு யோசித்தால், அதற்கு முன்னால் கடந்த இரண்டு கிலோமீட்டரும் என் நினைவிலேயே இல்லை. ஒரு வளைவு, ஒரு கடை, எதிரே வந்த ஒரு பஸ் எதுவும் பதியவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

அதைவிட மறக்க முடியாதது காதில் கேட்டது. வண்டி சறுக்கி நின்ற பிறகும் நண்பர் பேசிக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லாததால், "ஹலோ, லைன்ல இருக்கியா?" என்றார்.

பின்சீட்டுக்கும் போனுக்கும் என்ன வித்தியாசம்?

"பக்கத்துல ஆள் உட்கார்ந்து பேசினா ஆபத்தில்லையா? போன்ல பேசினா மட்டும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2008இல் இதையே சோதித்தார்கள். காரை ஓட்டுவது போன்ற கருவியில் ஆட்களை உட்காரவைத்து, நண்பரோடு பேசிக்கொண்டே போய், வழியில் ஓய்விடம் வந்ததும் திரும்பி நிறுத்த வேண்டும் என்றார்கள். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியபோது பெரும்பாலானோர் சரியாகத் திரும்பினார்கள். அதே நண்பர் போனில் பேசியபோது பாதிப் பேர் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்கள்.

காரணத்தை நம் ஊர் பைக்கிலேயே பார்க்கலாம். பின்சீட்டில் உட்கார்ந்த மனைவி பேசிக்கொண்டே வருகிறார். எதிரே டிப்பர் வருகிறது. பேச்சு தானாக நிற்கிறது. "பாத்துப் போங்க" என்று தோளை அழுத்துகிறார். டிப்பர் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்கிறது. அவருக்கும் இரண்டு கண் இருக்கிறது, அந்தக் கண் சாலையைத்தான் பார்க்கிறது. போனில் இருப்பவருக்கு டிப்பர் தெரியாது. சாலை காலியாக இருக்கும்போதும் நெரிசலாக இருக்கும்போதும் ஒரே வேகத்தில் பேசுகிறார். பதில் வராவிட்டால் "லைன்ல இருக்கியா?" என்று கேட்கிறார்.

ஆகவே காதில் ப்ளூடூத் மாட்டிவிட்டால் பாவம் தீர்ந்தது என்பது சும்மா. 1997இல் கனடாவின் டொரான்டோவில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்களை வாங்கி, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 26,798 அழைப்புகள். பேசும்போது விபத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசுவதால் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. கை சும்மா இருந்தும் புத்தி சாலையில் இல்லை.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். மும்பை ஐஐடியில் நாகேந்திர வெலகாவும் சக ஆய்வாளரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கே ஒருவர் நடந்தால் ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் நேரம், சாதாரணப் பேச்சின்போதே 40 சதவீதம் கூடியது. யோசித்துப் பேச வேண்டிய பேச்சு என்றால் 95 சதவீதம். சிக்கலான மெசேஜ் டைப் செய்தால் 204 சதவீதம், அதாவது மூன்று மடங்கு நேரம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் பதினாறரை மீட்டருக்கு மேல் தாண்டும். வாட்ஸ்அப்பில் வந்தது யார் என்று ஐந்து நொடி குனிந்து பார்த்தால் 83 மீட்டர். ஏழு அரசு பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்திய நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம்.

எஃப்ஐஆரில் இல்லாத ஆள்

இவ்வளவு தெரிந்தும், போனால் நம் நாட்டில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேடிக்கையாக இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் 2021இல் இறந்தவர்கள் 1,040 பேர். 2022இல் 3,395 பேர். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! இந்தியர்கள் 2022இல்தான் திடீரென்று போன் பேசத் தொடங்கினார்களா என்ன? விபத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் கோளாறு என்பது என் கட்சி.

ஸ்டேஷனில் எழுதும் வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம்: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304-ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106. எண் மாறியது, அஜாக்கிரதை மாறவில்லை. அந்த அஜாக்கிரதைக்குள் என்ன இருந்தது? தூக்கமா, சாராயமா, போனா? 2022இல் நாட்டில் நடந்த 4,61,312 விபத்துகளில் நூற்றுக்கு 72 அதிவேகத்தின் தலையில் எழுதப்பட்டிருக்கின்றன. அதிவேகம் உண்மையான காரணம்தான். ஆனால் எழுதுவதற்குச் சுலபமான காரணமும் அதுதான்.

கொலை வழக்கில் முதல் நாளே சிடிஆர், அதாவது போன் அழைப்புப் பட்டியல், எடுக்கிறார்கள். காதல் ஜோடி ஓடிப்போனால்கூட சிடிஆர் எடுக்கிறார்கள். சாலையில் ஆள் செத்தால், மோதிய நிமிடத்தில் ஓட்டியவரின் போன் பேச்சில் இருந்ததா என்று பார்ப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும்? டொரான்டோவில் 1997இலேயே போன் பில்லை வைத்துச் செய்ததைத்தான் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் ஓட்டியவர் மட்டுமல்ல, கூப்பிட்டவரும் இருப்பார்.

2022இல் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மரணத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாமிடம்: 17,884 பேர்.

வாலாஜாபாத் பக்கம் அடிபட்டால் 108 வண்டி காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ பறக்கும். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியதும் தொலைவில் இல்லை, மேல்மருவத்தூரில்தான். நல்ல திட்டம். அதைச் சொல்லும்போது பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடல் ஞாபகம் வந்துவிடுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து மருத்துவமனை ஒன்றின் கணக்கு கல்லில் இருக்கிறது. பதினைந்து படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிப்பெண்கள், யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை. கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு எழுதத் தெரிந்த ஊரில், இன்றைக்கு ஒருவன் எதனால் செத்தான் என்பதை ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

தாமலும் மதுரையும்

போன் தொடர்பாகத் தமிழ்நாடே பேசிய வழக்கு ஒன்றின் வேர் இந்தக் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 17. காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபர் டிடிஎஃப் வாசன் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்க முயன்று விழுந்தார். கை முறிந்தது. பாலுசெட்டிசத்திரம் போலீஸ் கைது செய்தது. ஜாமீன் கேட்டு உயர் நீதிமன்றம் போனபோது, பைக்கை எரித்துவிட வேண்டும், யூடியூப் சேனலை மூட வேண்டும் என்கிற தொனியில் நீதிபதி சி.வி.கார்த்திகேயன் கடிந்துகொண்டார். நவம்பர் தொடக்கத்தில்தான் ஜாமீன் கிடைத்தது. ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது.

அடுத்த மே மாதம் மறுபடி கைது, இந்த முறை மதுரையில். போன் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக அண்ணா நகர் போலீஸ் வழக்குப் போட்டது. ஆதாரம் அவரே யூடியூபில் ஏற்றிய வீடியோ.

அவரைத் திட்டிப் பக்கம் நிரப்புவது எளிது, பலர் நிரப்பியும் விட்டார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. முன் சக்கரம் மேலே போனது யாருக்காக? காலியான நெடுஞ்சாலைக்கு யாரும் வித்தை காட்டுவதில்லை. லைக் போட லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். அவர்களும் அழைப்பின் மறுமுனைதான். இன்னொன்று, அந்த மதுரை வீடியோ ஏற்றப்படாமல் இருந்திருந்தால் வழக்கே இல்லை. அன்று அதே சாலையில் போன் பேசியபடி போன மற்றவர்கள் வீடியோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரம் ரூபாய்

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் போன் பிடித்து ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் சிறை வரை போகலாம். ஸ்பாட் ஃபைன் என்றால், 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் முதல் தடவை 1,000 ரூபாய், மறு தடவை 10,000. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, போன் பேசி ஓட்டினால் லைசென்ஸை மூன்று மாதத்துக்குக் குறையாமல் முடக்கச் சொன்னது 2015இல். அதே சமயம், வழி பார்ப்பதற்கு மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம் என்று 2020 அக்டோபரில் விதி தளர்ந்தது. டெலிவரி பையன்களுக்கு அது பிழைப்பு, குறை சொல்ல முடியாது. மேப் காட்டுகிற அதே திரையில்தான் அடுத்த ஆர்டரும் வந்து விழுகிறது என்பதை விதி எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2019 டிசம்பரிலிருந்து, கையில் போன் இருக்கிறதா என்று பார்க்கச் சாலைக்கு மேல் கேமரா வைத்திருக்கிறார்கள். இங்கும் வரட்டும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் செருகிய போனும், காதுக்குள் இருக்கும் ப்ளூடூத்தும், மனசுக்குள் நடக்கும் சண்டையும் எந்தக் கேமராவில் விழும்?

அதனால்தான் மறுமுனைக்கு வருகிறேன். ஓட்டுகிறவர் போனை எடுப்பது பெரும்பாலும் ஆசையால் அல்ல, பயத்தால். எடுக்காவிட்டால் சூப்பர்வைசர் கோபிப்பார். லோடு எங்கே வருகிறது என்று லாரி ஓனர் கேட்பார். பாவு வந்ததா என்று பட்டு முதலாளி கேட்பார். இரண்டு ரிங்கில் எடுக்காவிட்டால் அம்மா பதறுவார். கம்பெனி பஸ் டிரைவருக்குப் போன் செய்து "எங்க வந்திருக்கீங்க?" என்று கேட்பது, அதே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்தான். அந்த பஸ்ஸில் ஏறப்போகிறவரும் அவர்தான்.

கம்பெனிகளும் குவாரிகளும் பட்டு வியாபாரிகளும் நினைத்தால், ஓடும் வண்டிக்குப் போன் செய்யக் கூடாது என்று நாளைக் காலையே ஒரு உத்தரவு போடலாம். பத்து பைசா செலவில்லை. டிரைவர் எடுக்காவிட்டால் திட்டு கிடையாது, எடுத்தால்தான் திட்டு என்று மாற்றினால் போதும். பல போன்களிலேயே 'டிரைவிங் மோட்' இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், வண்டியில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று அதுவே பதில் அனுப்பிவிடும். என் போனில் அந்த ஆட்டுக்குட்டிக்குப் பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

நீங்கள் இன்றைக்குச் சாயங்காலம் யாருக்காவது போன் செய்யத்தான் போகிறீர்கள். காத்துச் சத்தம் கேட்டு, "வண்டியிலயா இருக்க?" என்று கேட்கவும் போகிறீர்கள். "ஆமா, சொல்லு" என்றால், சொல்லாதீர்கள். வைத்துவிடுங்கள்.